கம்பளிப் புழுவின் உட்பொருள்

படம் பார்க்கிறவர்களில் ஓர் இனம் உண்டு. சிரிக்கிற இடத்தில் சிரித்து, அழுகிற இடத்தில் துண்டால் மூக்கைச் சிந்தி, ‘வணக்கம்’ போட்டதும் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போகிறவர்கள் நீங்களும் நானும். இவர்கள் அப்படியல்ல. நமக்குப் படம் முடிகிற இடத்தில்தான் இவர்களுக்குப் படம் ஆரம்பம். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் உட்பொருள்காரர்.

உட்பொருள்காரரைக் கண்டுபிடிப்பது சுலபம். கூட்டம் கலைந்த பிறகும் அவர் சைக்கிள் ஸ்டாண்டை விட்டு நகரமாட்டார். சைக்கிளைப் பூட்டித் திறந்து, திறந்து பூட்டி, தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் அகப்பட்டீர்கள் என்றால், “என்ன புரிஞ்சுது?” என்பார். புரிந்தது என்று சொல்லிப் பாருங்கள், “அது மேலோட்டம்” என்பார். புரியவில்லை என்று சொல்லிப் பாருங்கள், “புரியாது” என்பார். இரண்டுக்கும் ஒரே அரைச் சிரிப்பு. கதாநாயகனின் தங்கை மழையில் செத்தால் அது மழை இல்லை. வில்லன் நீலச் சட்டை போட்டிருந்தால் அது சட்டை இல்லை. துணி வெளுத்துப் போனதற்குக்கூட ஒரு காரணம் வைத்திருப்பார். வண்ணானைக் கேட்டால் வேறு காரணம் சொல்லுவான், ஆனால் வண்ணானை யார் கேட்கிறார்கள்?

சங்கரன்கோவிலில் இந்த இனத்தின் தலைவர் கோமதிசங்கர். தாலுகா ஆபீஸில் எழுத்தர். வயக்காட்டுப் பாதையைப் பக்கத்துக்காரன் அடைத்துவிட்டான் என்று ஒருவன் பச்சைத் தமிழில் எழுதிக் கொடுக்கிற மனுவை, ‘தெளிவாக இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அதே மனிதர் தியேட்டரில் உட்கார்ந்தால், தெளிவாக இல்லாத எதுவும் அவருக்குத் தெளிவாகிவிடும். என் பக்கத்து வீட்டுக்காரர். அதனால் எனக்குத் தப்ப வழியில்லை.

இனி எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எந்தப் படத்துக்கு முன்னாலும் அரசாங்க நியூஸ் ரீல் ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம். அது ஓடும்போது வெளியே நின்று டீ குடிப்பது எங்கள் ஊர்ச் சட்டம். அணை திறக்கிறார்கள், ஆஸ்பத்திரி திறக்கிறார்கள், உள்ளே காலி நாற்காலிகள் பார்த்துக்கொண்டிருக்கும். டிக்கெட் கிழிக்கிறவர் வாசலில் வந்து, “டைட்டில் போட்டாச்சு!” என்று கத்தினால்தான் எல்லாரும் கிளாஸை வைத்துவிட்டு ஓடுவோம். கோமதிசங்கர் டீக்கும் ரசிகர் அல்லவா, அவர் கடைசியாக ஓடுவார். ஆகவே நியூஸ் ரீல் என்பது எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் முழுதாகத் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான். ஜெயசிங் டாக்கீஸ் ஆபரேட்டர் வேல்சாமி.

வேல்சாமிக்கு அப்போது நேரம் சரியில்லை. முந்தின வாரம் ஒரு குடும்பப் படத்தில் ஆறாவது ரீலுக்குப் பிறகு நாலாவது ரீலை மாட்டிவிட்டான். பாடையில் போன தாயார் எழுந்துவந்து மகனுக்கு இட்லி பரிமாறினாள். முதலாளி ஜெயசிங் மெஷின் ரூமுக்கே ஏறிவந்து, “இன்னொரு தடவ இப்படி ஆச்சு, சாவிய வச்சிட்டுப் போயிரணும்டே” என்று சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி பூமாரி, மூன்று பெண்பிள்ளைகள். வேல்சாமிக்கு இந்த வேலையை விட்டால் வேறு ஒன்றும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு ஒரு இங்கிலீஷ் படம் வந்தது. எண்பத்திரண்டோ எண்பத்திமூன்றோ. வேற்றுக் கிரகத்துக்காரன் படம் என்று போஸ்டரில் கண்டிருந்ததால் கூட்டம் அலைமோதியது. ஆனால் படத்தில் சண்டையும் இல்லை, பறக்கும் தட்டும் இல்லை. வெள்ளைத் தலைமுடியோடு ஒரு விஞ்ஞானி அம்மாள் உப்பு ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே இன்னொரு நாற்காலி, காலி. தினம் ஒரே நேரத்தில் ஒரு சத்தம் வருகிறது. அம்மாள் நோட்டில் எழுதுகிறாள். காற்று அடிக்கிறது. அம்மாள் மறுபடி எழுதுகிறாள். அரைமணி நேரம் இப்படியே ஓடியது, விசில் அடிக்கக்கூட யாருக்கும் இடம் கிடைக்கவில்லை.

மேலே மெஷின் ரூமில் வேல்சாமி அப்போதுதான் அடுத்த பெட்டியைத் தேடினான். ராஜபாளையத்திலிருந்து பஸ் மேலே ஏற்றிவிட்ட பெட்டிகள் மூன்று. நடுப்பெட்டியைச் சிவகிரியிலேயே இறக்கிவிட்டார்கள். கையில் இருப்பது ஒன்றும் மூன்றும். திரை வெள்ளையானால் கூட்டம் நாற்காலியைப் பிய்க்கும், கூட்டம் பிய்த்தால் முதலாளி வருவார், முதலாளி வந்தால் சாவி போகும். மூலையில் திருப்பி அனுப்பவேண்டிய பழைய நியூஸ் ரீல் ஒன்று கிடந்தது. முன்பக்கம் அறுந்துபோய் டைட்டில்கூடக் கிடையாது. எடுத்து மாட்டினான்.

வண்ணப்படம் சட்டென்று கறுப்பு வெள்ளை ஆயிற்று. உப்பு ஏரி போய் நிலக்கடலைக் காடு வந்தது. முதுகில் டேங்கும் முகத்தில் துணியும் கட்டின ஒருவன் செடிகளுக்கு நடுவே புகையைப் பீச்சியபடி நடந்துவந்தான். பிறகு திரை முழுக்க, பனைமர உயரத்துக்கு, ஒரு கம்பளிப் புழு. பின்னணியில் ஒருவர் இந்தியில் ஓயாமல் பேசினார். பத்து நிமிஷம். அப்புறம் மூன்றாவது பெட்டி. விஞ்ஞானி அம்மாள் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். படம் முடிந்தது.

வெளியே ஒரே அமளி. முதலாளி ஜெயசிங் வேல்சாமியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்.

“என்னத்தடே ஓட்டுன? வெள்ளக்காரன் படத்துல கடலைச் செடி எங்கருந்துடே வந்துச்சு?”

வேல்சாமி வாயைத் திறந்தான்.

“முதலாளி, அந்த எடந்தான் படமே!” என்று ஒரு குரல். வேறு யார்? கோமதிசங்கர் சைக்கிளைப் பூட்டிவிட்டு முன்னால் வந்தார். “அதுவரைக்கும் நாம அந்த வேத்துக் கிரகத்துக்காரனத் தேடுதோம். அந்த எடத்துல அவன் நம்மளப் பாக்கான். அவன் கண்ணுக்குக் கலர் தெரியாது. அதான் கறுப்பு வெள்ளை.”

“பேச்சு இந்தி மாதிரில்லா இருந்துச்சு?” என்றார் முதலாளி.

“வேத்துக் கிரகத்துக்காரன் பேசுனா நமக்குப் புரியலாமா? டைரக்டர் யோசிச்சிருக்காரு. சங்கரன்கோயில்ல யாருக்கும் வெளங்காத பாஷை எது?”

கூட்டத்தில் நாலு பேர் தலையை ஆட்டினார்கள். குருவிகுளத்திலிருந்து வந்திருந்த, கடலை போடுகிற சம்சாரி குருநாதன் மட்டும் விடவில்லை. “அய்யா, அது கம்பளிப் புழு. போன வருசம் எம் புஞ்சையில பாதியத் தின்னுட்டுது. மருந்தடிச்சாப் போயிரும்.”

கோமதிசங்கர் கண்ணை மூடித் திறந்தார். “பாத்தீங்களா முதலாளி? ஒரு சம்சாரியே அடையாளம் கண்டு ஏமாறுத அளவுக்கு வேசம் போட்டிருக்கு. புழு செடியத் திங்குது, மனுசன் வெசத்த அடிக்கான். இதுல அந்நியன் யாரு? செடியக் கேட்டாத் தெரியும்.”

உண்மையைச் சொன்னால், எனக்கே ஒரு கணம் புல்லரித்தது. “ஆமா, இப்பப் புரியுது” என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொன்னேன். குருநாதன்கூடத் தன் புஞ்சையைப் பற்றிக் கொஞ்சம் யோசனையில் விழுந்துவிட்டார். முதலாளி வேல்சாமியின் கையை விட்டார். “நல்லாத்தான்டே ஓட்டிருக்க” என்றார். அடுத்த ஞாயிறும் அதே படம் என்று மறுநாள் ஊரெல்லாம் தட்டி எழுதி வைத்தார்கள்: ‘புழு வரும் காட்சியைக் காணத் தவறாதீர்கள்!’

அந்த வாரமே சிவகிரியிலிருந்து நடுப்பெட்டி வந்து சேர்ந்தது. வேல்சாமி மனச்சாட்சிக்காரன். இரண்டாவது ஞாயிறு மூன்று பெட்டியையும் வரிசையாக, சுத்தமாக ஓட்டினான். அந்த நடுப்பெட்டியில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? விஞ்ஞானி அம்மாள் கரும்பலகையில் வட்டம் போட்டு, கோடு போட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் விளங்குகிற மாதிரி காட்டுகிறாள். விளங்கி யாருக்கு வேண்டும்? மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஜனம் எழுந்து நின்று கத்தியது. “புழு எங்கடே?”

முதலாளி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். “புழுவ எங்கடே வெட்டுன? யாருக்குடே குடுத்த? சாவிய எடு!”

தப்பாக ஓட்டினபோது பிழைத்தவனுக்குச் சரியாக ஓட்டினபோது வேலை போயிற்று.

வேல்சாமி நேரே கோமதிசங்கரிடம் ஓடிவந்தான். நான் பக்கத்தில் நின்றேன். பெட்டி வராதது, பழைய நியூஸ் ரீல், அறுந்த டைட்டில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினான். “சார், நீங்க சொன்னாத்தான் முதலாளி கேப்பாரு. மூணு புள்ளைய வச்சிருக்கேன் சார்.” கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கஷ்டமாக இருந்தது. அதோடு, மறைக்காமல் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு குதூகலமும் இருந்தது. மாட்டினார் கோமதிசங்கர்! ஆண்டாண்டு காலமாக என்னைச் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கவைத்துக் கொன்றவர் இன்று என்ன சொல்லுவார் பார்ப்போம்.

அவர் முகம் ஒரு நிமிஷம் சுண்டியது. ஒரு நிமிஷம்தான்.

“வேலு, அங்கன எத்தனையோ கெடந்துருக்குமே. நீ ஏன் அத எடுத்த?”

“கைக்கு அதுதான் ஆம்புட்டுச்சு சார்.”

“ஒன் கைக்கு அது ஆம்புடலலே. அதுக்கு ஒன் கை ஆம்புட்டுருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “நமக்கு ஒரு செய்தி சொல்லணும்னா அவன் ராக்கெட்லதான் வரணுமா?”

வேல்சாமி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கோமதிசங்கர் முதலாளியிடம் போனார். நியூஸ் ரீல் பேச்சையே எடுக்கவில்லை. “முதலாளி, போன வாரம் வந்துச்சு, இந்த வாரம் வரல. ஏன் வரல? அத ஜனங்க தேடுதாங்க. தேட வச்சிட்டான் பாருங்க, அதான் இந்தப் படம்!”

முதலாளி தாடையைச் சொறிந்தார். “அப்ப அடுத்த வாரம் வருமா?”

“அது வேல்சாமி கையில இல்ல முதலாளி.”

சாவி திரும்ப வந்தது. படம் மூன்றாவது வாரமும் ஓடியது. வேல்சாமி என்ன செய்திருப்பான் என்கிறீர்களா? புழுவைப் போட்டான். கூட்டம் கும்பிட்டது. நடுப்பெட்டி மறுபடி திறக்கப்படாமலே ராஜபாளையத்துக்குத் திரும்பியது.

ஒரு மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஏழெட்டுப் பேர் நடுவே வேல்சாமி நின்றிருந்தான். “அந்தப் புழு இருக்குல்லா மக்கா, அது தலையத் தூக்குத எடம் வரும். அப்ப அது யாரப் பாக்கு? நல்லா யோசிச்சுப் பாருங்க...” நான் அவனைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டேன். “ஏலே, நீதான எடுத்து மாட்டுன? ஒனக்குத் தெரியாதா?” அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். “நானா மாட்டுனேன்னு நெனைக்கீங்க அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு, டீயைக் குடித்துமுடித்துப் போய்விட்டான்.

அவ்வளவுதான் கதை. வேல்சாமி ஏன் அப்படிச் சொன்னான்? வேலையைக் காப்பாற்றவா? கோமதிசங்கருக்கு நன்றிக்காகவா? என்னைக் கிண்டல் செய்தானா? நிஜமாகவே நம்பிவிட்டானா? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? நீங்கள் வேல்சாமியைப் பார்த்ததில்லை, அவன் குரலைக் கேட்டதில்லை, டீ கிளாஸைப் பிடித்திருந்த அந்தக் கையைக்கூடக் கண்டதில்லை. ஆனாலும் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாயிற்று, அதற்கு ஆதாரமும் தேடி எடுத்தாயிற்று, இப்போது பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லலாமே என்று நாக்கு துறுதுறுக்கிறது. சரி, சொல்லுங்கள். முதலில் அவரிடம், என்ன புரிந்தது என்று கேளுங்கள்.