கிலுக்கிக் கேட்டு வாங்கிய டப்பா

பெண்கள் ஏன் நாணயம் சேர்ப்பதில்லை என்பதற்கு என்னிடம் ஒரு கொள்கை இருந்தது. ‘இருந்தது’ என்று எழுதும்போதே கை கூசுகிறது. அந்தக் கொள்கையை மூன்று வருடம் நம்பினேன், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினேன், கடைசியில் சபையார் அத்தனை பேர் முன்னிலையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவழித்து அதை நல்லடக்கம் செய்தேன்.

நாகர்கோவிலில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் நாணயக்காரர்கள் கூடுவோம். மண்டபம் முழுக்க மீசையாகத்தான் இருக்கும். ஆளுக்கொரு ஆல்பம், ஆளுக்கொரு லென்ஸ், ஆளுக்கொரு பெருமை. திருவிதாங்கூர் மன்னர் காலத்துச் சக்கரக் காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் சங்கின் வாய் எந்தப் பக்கம் என்று இரண்டு மணி நேரம் சண்டை போட எங்களால் முடியும். எப்போதாவது ஒரு பெண் வாசலில் தென்பட்டால், கணவரைச் சாப்பிடக் கூப்பிட வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

என் மனைவி ஜெசி ஒருநாள் இதைக் கேட்டாள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்த நேரம்.

“உங்க கூட்டத்துல பொம்பளைய ஒருத்தரும் கெடையாதா?”

“கெடையாது.”

“அது ஏன்?”

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் பிறந்ததிலிருந்து காத்திருந்தேன். நாணயம் சேர்க்கக் கூர்மையான கண் வேண்டும், பொறுமை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காது வேண்டும், இம்மூன்றும் ஆண்களுக்கு இயற்கையாக அமைந்தவை என்று தொடங்கி, கால் மணி நேரம் பேசினேன். (இப்போது நினைத்தால் என்னை நானே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.)

“காசுக்கு எதுக்கு காது?” என்றாள்.

“செம்புன்னா ‘டொக்’குன்னு கேக்கும். வெள்ளின்னா ‘டிங்’குன்னு நீட்டிக் கேக்கும். கண்ண மூடிக்கிட்டு சத்தத்த வச்சே நான் சொல்லிருவேன். உன்னால முடியுமா?”

“அது சரி” என்று சொல்லிவிட்டு, துவைகல்லில் என் சட்டையை அடித்தாள். ஆமாம், இந்த உரை முழுவதையும் அவள் துணி துவைத்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு அப்போது குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதும் வேலை. ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை சட்டையில் ஏறினால் லேசில் போகாது. ஊறவைத்து, அடித்து, பிழிந்து, மறுபடி ஊறவைக்க வேண்டும். அவள் உள்ளங்கைத் தோல் சோப்பில் உரிந்துபோயிருந்தது. மழைக்காலத்தில் இன்னும் மோசம். அதனால் வாஷிங் மிஷின் வாங்க, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி வாங்கும் சம்பளத்திலிருந்து அவள் மிச்சம் பிடித்து வந்தாள். பீரோவில் ஒரு கவரில் பன்னிரண்டாயிரம் சேர்ந்திருந்தது. அறுப்பின் பண்டிகை முடிந்த மறுநாள் கடைக்குப் போவதாக ஏற்பாடு.

அறுப்பின் பண்டிகை என்றால் எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுவடைத் திருவிழாதான். வீட்டில் விளைந்ததை ஆளாளுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் பந்தலுக்குக் கீழே ஏலம். மட்டி வாழைக்குலை, சக்கை என்று நாங்கள் சொல்லும் பலா, மரச்சீனிக் கிழங்கு, கால் கட்டிய சேவல், கேக் எல்லாம் வரிசையாக நிற்கும். கடையில் முந்நூறுக்குக் கிடைக்கும் சேவல் இங்கே மூவாயிரத்துக்குப் போகும். கர்த்தருக்குப் போகிற பணம், ஊராருக்குத் தெரிகிற கௌரவம், இரண்டும் ஒரே கூப்பிடலில் கிடைக்கும். தோட்டம் துரவு இல்லாதவர்கள், வீட்டில் இருக்கும் ஏதாவது பொருளைப் பரிசுத் தாளில் சுற்றிக் கொடுக்கலாம். அதற்கு சர்ப்ரைஸ் பார்சல் என்று பெயர். கொடுத்தவர் பெயர் உள்ளே சீட்டில் இருக்கும். எடுத்தவர் அங்கேயே பிரித்துக் காட்ட வேண்டும்.

வாடகை வீட்டில் ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருந்த எங்களுக்கு அந்தப் பார்சல்தான் கதி. பண்டிகையன்று காலையில் ஜெசி என்னிடம் ஏதோ கேட்டாள். நான் ஒரு எட்டுக் காசு நாணயத்தை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். “ம்” என்றேன். மறுபடி கேட்டாள். “ம்.” மூன்றாவது முறையும் கேட்டாள். “ம்முன்னு சொல்லிட்டேன்லா” என்றேன். என்ன கேட்டாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்று எனக்கும் பிறகுதான் தெரிந்தது.

ஏலம் போடுபவர் தங்கராஜ் சித்தப்பா. ஒலிபெருக்கி இல்லாமலே பக்கத்து ஊருக்குக் கேட்கும் குரல். அவர் பரிசுத் தாள் சுற்றிய வட்டமான பார்சல் ஒன்றைத் தூக்கி, காதருகே வைத்துக் கிலுக்கினார்.

கிலுக் கிலுக். டிங்.

நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். காசு! அதுவும் ஒன்றிரண்டு அல்ல, டப்பா நிறைய! அடியில் செம்பு, மேலே குறைந்தது ஒரு வெள்ளி. யாரோ எஸ்டேட்காரர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பரணில் கிடந்ததை, விலை தெரியாமல் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

“நூறு!” என்றேன்.

“ஐநூறு” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வில்சன் அண்ணாச்சி! பதினைந்து வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர், எங்கள் நாணயக் கூட்டத்தில் என்னை எப்போதும் ‘சின்னப் பய’ என்று சொல்பவர். அவரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார் என்றால் என் காது பொய் சொல்லவில்லை.

“ஆயிரம்!”

“ரெண்டு.”

“சித்தப்பா, இன்னொரு மட்டம் கிலுக்குங்க!” என்று கத்தினேன். அவர் கிலுக்கினார். டிங்! சந்தேகமே இல்லை. அது வெள்ளி. அரை ரூபாய். (வருடத்தைக்கூட அப்போதே சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.)

“மூவாயிரம்!” “நாலு.” “அஞ்சு!” சேவலை மறந்துவிட்டு சபையே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. எனக்கு வேட்டி நழுவுகிறது, ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் விலையையும் உயர்த்திக்கொண்டே போகிறேன். பந்தலின் எதிர்ப்புறம் பெண்கள் பகுதி. அங்கே ஜெசி எழுந்து நின்று தலையை வேக வேகமாக ஆட்டினாள். கையால் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று காட்டினாள். பார்த்தீர்களா, காது மட்டுமல்ல, பெண்களுக்குத் துணிச்சலும் கிடையாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. ஜெசி! துண்டித்தேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடி துண்டித்தேன்.

“பதினொண்ணு” என்றார் வில்சன் அண்ணாச்சி, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

பீரோவிலிருந்த கவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரே ஒரு வெள்ளி போதும், நாளைக்கே விற்று மிஷின் வாங்கிவிடலாம், மிச்சம் எல்லாம் லாபம்!

“பன்னிரண்டு!”

“ஒரு தரம்... ரெண்டு தரம்...” ஜெசி நாற்காலிகளுக்கு இடையே, முட்டிமோதி, சேவலைத் தாண்டி ஓடிவந்துகொண்டிருந்தாள். “மூணு தரம்!”

கைதட்டல். மேடை ஏறினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. தாளைக் கிழித்தேன். உள்ளே ஒரு பிஸ்கட் டின். மூடிமேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் பெரிய எழுத்தில் ‘தொடாதே’ என்று எழுதியிருந்தது.

கையெழுத்து என்னுடையது.

தரம் பிரித்துக் கழித்த காசுகளை நான் போட்டு வைக்கும் டின் அது. இரண்டு வருடமாக அடுக்களை அலமாரியின் கீழ்த்தட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. உள்ளே ஓரம் நசுங்கிய அலுமினியப் பத்து பைசாக்கள், தேய்ந்த நாலணாக்கள், இரண்டு வாஷர். அப்புறம் அந்த வெள்ளி? அது ஆறு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த பைக்கின் மாற்றுச் சாவி. அதைத் தொலைத்தது ஜெசிதான் என்று அவளோடு இரண்டு நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறேன்.

தங்கராஜ் சித்தப்பா சீட்டை எடுத்து ஒலிபெருக்கியில் படித்தார். “எடுத்தது... நம்ம ரப்பர்கடை தம்பி. கொடுத்தது...” நிறுத்தி, கண்ணாடியைத் தூக்கி மறுபடி பார்த்தார். “ஏலே மக்கா, கொடுத்ததும் நீதானாலே?”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. போதகர் ஐயா முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. ‘பன்னிரண்டாயிரம் கர்த்தருக்குத்தானே போச்சி’ என்று வில்சன் அண்ணாச்சி என் முதுகில் தட்டினார். தோற்ற மனிதரின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தபிறகு ஜெசி பீரோவைத் திறந்து கவரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“காலைல மூணு மட்டம் கேட்டேன். ‘அடுக்களைல கெடக்க காசு டின்ன கொடுக்கட்டா’ன்னு. மூணு மட்டமும் ‘ம்’முன்னீங்க.”

“அதுல தொடாதேன்னு எழுதியிருக்கே ஜெசி!”

“எழுதியிருக்க கொண்டுதானே மூணு மட்டம் கேட்டேன்?”

அவள் கையை விரித்தபோது உரிந்த உள்ளங்கை கண்ணில் பட்டது. வெட்கம் என்றால் என்னவென்று மேடையில் எனக்குத் தெரியவில்லை, அப்போதுதான் தெரிந்தது.

“இனி மிஷினு வாற வரைக்கும் உங்க துணிய நீங்க அலக்கணும்” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்க துணியையும்” என்றாள்.

அலக்கினேன். பதினொரு மாதம். முதல் ஞாயிறு ஊறவைத்து, அடித்து, பிழிந்து, காயப்போட்டு, மழை வந்து, எடுத்து, மறுபடி போட்டு முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ஆல்பத்தைத் திறக்கவே இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தன்று வில்சன் அண்ணாச்சி போன் செய்தார்.

“ஏலே, மீட்டிங்குக்கு வரேல்லியா?”

“துணி கெடக்கு அண்ணாச்சி.”

“நீயா அலக்குத?” துக்கம் விசாரிக்கிற குரல்.

“ஆமா. உங்க துணிய யாரு அலக்குதா?”

“அவதான். பின்ன யாரு?” என்றவர், என்ன நினைத்தாரோ, சட்டென்று போனை வைத்துவிட்டார்.

ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் என் கொள்கையில் இருந்த ஓட்டை தெரிந்தது. கண், காது, பொறுமை எல்லாம் சும்மா. மண்டபம் நிறைய மீசைகள் உட்கார்ந்து சங்கின் வாயைப் பற்றிச் சண்டை போட முடிகிறதென்றால், அத்தனை பேர் சட்டையையும் வீட்டில் வேறொருவர் அடித்துக்கொண்டிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க லென்ஸ் தேவைப்படவில்லை, ஒரு பக்கெட் போதுமாக இருந்தது.

பதினொரு மாதம் கழித்து மிஷின் வந்தது. துவைக்கும் பொறுப்பு என்னிடமே நின்றுவிட்டது, திருப்பி வாங்க யாரும் முன்வரவில்லை. இன்றும் ஏலத்தில் ஏதாவது பார்சல் வந்தால் தங்கராஜ் சித்தப்பா என்னைப் பார்த்து, “காது கொண்டாந்திருக்கியாலே?” என்று கேட்டுவிட்டுத்தான் கிலுக்குவார். வீட்டில் இன்னும் மோசம். மிஷின் சுற்றும்போது உள்ளே ஏதாவது ‘டிங்’ என்று அடித்தால், அடுக்களையிலிருந்து ஜெசி குரல் கொடுப்பாள். “செம்பா, வெள்ளியா? சொல்லுங்க பாப்போம்!” நான் ரோஷத்தோடு ‘அஞ்சு ரூபா’ என்பேன். பெரும்பாலும் சட்டைப் பொத்தானாக இருக்கும்.

நிஜமாகவே காசாக இருந்தால் அது அவளுக்கு. அதுதான் வீட்டுச் சட்டம். அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கத் தொடங்கியவள், வருடத்துக்குக் கீழே இருக்கும் புள்ளியையும் நட்சத்திரத்தையும் பார்த்து எந்த ஊரில் அச்சடித்தது என்று பிரிக்கவும் பழகிக்கொண்டாள். இப்போது பாட்டில் ஐந்தாகிவிட்டது. ஐந்திலும் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

எங்கள் மகளுக்கு ஆறு வயது. போன வாரம் ‘என் குடும்பம்’ என்று ஐந்து வரி எழுதிவரச் சொன்னார்களாம். நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலாவது வரி: ‘என் அம்மாவின் பொழுதுபோக்கு காசு சேர்ப்பது.’ ஐந்தாவது வரி: ‘என் அப்பாவின் பொழுதுபோக்கு துணி துவைப்பது.’

டீச்சர் இரண்டுக்கும் சரி போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்திருந்தார்.