எக்கோவுக்கு வயிறு சரியில்லை

கம்பம் பள்ளத்தாக்கில் ரகசியம் என்று ஒன்றுகூட இல்லாத மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: கூடலூரில் எங்கள் தெருவில் இருந்த மைக்செட். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்யும். ஆனால் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் உறையின் மேல் 'மைக்செட் அவர்கள்' என்றுதான் எழுதிக்கொண்டு வருவார்கள். அவரும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

விசேஷ வீடுகளுக்கு மைக், குழாய் ஸ்பீக்கர், சீரியல் லைட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். வாழ்நாள் முழுக்கக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே நின்றதில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. தனக்குக் கேட்காதது யாருக்கும் கேட்காது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். அதனால் அவர் காதோடு காதாகச் சொல்லும் விஷயம் லோயர் கேம்ப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவருக்கும் கேட்கும்.

வேலை மாற்றலாகி நான் அவருக்கு எதிர் மாடியில் குடிவந்த முதல் நாளே விசாரணை நடந்தது.

"சாருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"ஏன் சார், பாக்க நல்லாத்தான இருக்கீக? ஒடம்புக்கு ஏதும் பிரச்சினையா?"

தெருவில் ஒரு ஜன்னல்கூட மூடியிருக்கவில்லை. மறுநாள் டீக்கடைக்காரர் எனக்கு டீயோடு ஆறுதலும் சொன்னார்.

மைக்செட்டுக்குக் குடும்பம் கிடையாது. இருந்தது ஒரு நாய்தான். சின்னமனூரில் ஒரு திருவிழா முடிந்து சாமான்களை இறக்கும்போது, குழாய் ஒன்றுக்குள் ஒரு குட்டி சுருண்டு கிடந்து தூங்கிக்கொண்டிருந்ததாம். "இம்புட்டுச் சத்தத்துலயும் தூங்கியிருக்கான்னா இவன் நம்ம ஆளுதான்யா" என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். வெள்ளை உடம்பு, ஒற்றைக் காது மட்டும் செம்பட்டை. அவர் எதைக் கத்தினாலும் உடனே அதுவும் ஒரு தடவை குரைக்கும். அதனால் எக்கோ என்று பெயர் வைத்தார்.

எக்கோவுக்குத் தனிச் சாப்பாடு கிடையாது. அவர் காலையில் இட்லி சாம்பார் சாப்பிட்டால் அதற்கும் இட்லி சாம்பார். அவர் புரோட்டா சால்னா சாப்பிட்டால் அதற்கும் பிய்த்துப் போட்ட புரோட்டா, மேலே தாராளமாகச் சால்னா. டெம்போவில் முன் சீட்டு அதற்குத்தான். கூட வேலைக்கு வருகிற ஆட்கள் பின்னால் குழாய்களோடு உட்கார்ந்து வருவார்கள்.

மைக்செட்டும் எக்கோவும் ஒரு காதணி விழாவுக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தெரு நடுவில் மைக்செட்டின் குரல் எழுந்தது.

"யாராச்சும் வாங்களேன்! எக்கோவுக்குத் தண்ணியாப் போகுது! வாந்தி வேற எடுக்குறான்!"

வழக்கமாக அவர் கத்தியதும் வரும் குரைப்பு வரவில்லை. அதைக் கவனித்த பிறகுதான் எனக்குத் திக்கென்றது. வாயில் நுரையோடு இறங்கி ஓடினேன்.

எக்கோ வாசலில் தலையைத் தரையில் போட்டுக் கிடந்தது. விருந்தில் இலை எடுத்துப் போட்ட இடத்தில் ஆட்டுக் கொழுப்பையும் எலும்பையும் ஒரு கை பார்த்திருக்கிறது. எங்கள் தெரு கூடிவிட்டது. ஒருவர் ஓமத் தண்ணி என்றார். ஒருவர் மாதுளை ஓட்டை அரைத்துக் கொடு என்றார். இன்னொருவர் தனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையையே சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். பச்சை கேட் வீட்டுச் செல்லத்தாய் அக்கா, "புள்ளைக்கு வயிறு ஒட்டிப் போச்சே, ரெண்டு வாய் பால் ஊத்துங்கண்ணே" என்று அழாக்குறையாகச் சொன்னார்.

"முதல்ல டாக்டர்கிட்டப் போகலாம்" என்று நான் சொன்னேன். இப்படிச் சொன்னவர் கூடவே போக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். எக்கோ முன் சீட்டில் என் மடியில் படுத்து வந்தது.

கால்நடை மருத்துவமனையில் ஆடுகளும் கோழிகளும் எங்களுக்கு முன்னால் வந்திருந்தன. டாக்டரம்மா வயதில் சின்னவர், மெதுவாகப் பேசுகிறவர்.

"எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"முதல்ல சாம்பார் கணக்காப் போச்சு டாக்டரம்மா. அப்புறம் ரசம். இப்ப வெறும் தண்ணி."

வராந்தாவில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்த ஒரு பெரியவர் அதை மறுபடி மடித்து வைத்துவிட்டார்.

டாக்டரம்மா எக்கோவின் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து விட்டார். அது சட்டென்று படியாமல் சோம்பலாக இறங்கியது. உதட்டை விலக்கி ஈறைத் தொட்டுப் பார்த்தார். "உடம்புல தண்ணி ரொம்பக் குறைஞ்சிருக்கு" என்று சொல்லி டிரிப் ஏற்றினார். பாட்டில் தீரும் வரை மைக்செட் எக்கோவின் காலைப் பிடித்தபடி நின்றார். பேசவே இல்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

கிளம்பும்போது டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். வாந்தி நிற்கும்வரை சாப்பாடு வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்க விடவேண்டும். வாந்தி நின்றதும் குழைய வடித்த சோறும், தோலெடுத்து வேகவைத்த கோழிக்கறியும் பிசைந்து, ஒரேயடியாகப் போடாமல் கொஞ்சங்கொஞ்சமாகப் பல தடவை. எண்ணெய், மிளகாய், வெங்காயம், உப்பு எதுவும் கூடாது. பால் கூடவே கூடாது. மனுசங்க மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. ரத்தம் கண்டாலோ, மறுபடி வாந்தி எடுத்தாலோ, எழுந்திருக்காமல் கிடந்தாலோ உடனே தூக்கி வரவேண்டும்.

"உப்பில்லாம எப்படித் தாயி திங்கிறது?"

"நாய்தானே சாப்பிடப் போகுது?"

"அது மூஞ்சிக்கு முன்னால நான் மட்டும் சால்னா ஊத்தித் திங்க முடியுமா? நானும்தான் திங்கணும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று டாக்டரம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவரைத் தெரியும்.

அடுப்பே பற்ற வைத்தறியாத மனிதர், வாந்தி நின்றதும் செல்லத்தாய் அக்காவிடம் குக்கர் இரவல் வாங்கினார். ஒவ்வொரு விசிலுக்கும் தெருவுக்கு ஓடிவந்து, "ஆத்தா, கத்திருச்சு! நிப்பாட்டவா?" என்று கேட்டார். வெந்த கறியை நார் நாராகக் கிழித்து, சோற்றோடு பிசைந்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். எக்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடனே அவர் ஒரு வாய் தின்று, "ஆகா! என்னா ருசி!" என்று கூவினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எக்கோவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நக்கு நக்கியது. பிறகு கொஞ்சம் தின்றது. தெருவே மூச்சு விட்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் எங்கள் தெருவுக்குப் பாசம் ஜாஸ்தி. மைக்செட் கடைக்குப் போன நேரம் பார்த்து யாரோ ஒரு கிண்ணம் பாலில் பன்னை ஊறவைத்து எக்கோவுக்கு வைத்துவிட்டார்கள். மறுபடி வாந்தி. மறுபடி போக்கு. இந்தத் தடவை எக்கோவால் எழுந்து வெளியே போகக்கூட முடியவில்லை. டாக்டரம்மாவிடம் தூக்கி ஓடினோம். மறுபடி டிரிப், ஊசி. "இதுக்கு மேல இது தாங்காது. கவனமா இருங்க" என்று அவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மைக்செட் ஒரு குழாயைத் தூக்கி மொட்டைமாடியில் கட்டினார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஹலோ... ஹலோ... அன்பார்ந்த தெருப் பெருமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு. நமது எக்கோ அவர்கள் வயிற்றுக் கோளாறினால் அவதிப்பட்டு வருகிறார்கள். அன்னாருக்குப் பால், பன், பிஸ்கட், எலும்பு முதலியன வழங்குவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. இன்று பால் வைத்தவர் யார் என்பது எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லி அவர் மனதைப் புண்படுத்த விரும்பவில்லை. பச்சை கேட் வீட்டில் வசிக்கும் அவர்கள் இனிமேல் அவ்வாறு செய்ய வேண்டாம் என அன்போடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்."

எங்கள் தெருவில் பச்சை கேட் ஒன்றுதான்.

செல்லத்தாய் அக்கா கொண்டையை முடிந்துகொண்டே வெளியே வந்தார். "ஏண்ணே, ஊரு பூரா மைக்ல போட்டு மானத்த வாங்கிட்டீகளே!"

"நான் பேரே சொல்லலையே ஆத்தா?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல். அக்கா கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். குக்கரைக் கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அவ்வளவு கோபம்.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கிராமத்து மாதா கோயில் திருவிழா வந்தது. வருசா வருசம் சப்பர பவனிக்கு ஒலியும் ஒளியும் மைக்செட்தான். குழாய் கட்டுவதற்கு விடியற்காலையிலேயே போய்விடுகிறவர், அன்று எக்கோ பக்கத்தில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். வாந்தி நின்றிருந்தது. எக்கோ கொஞ்சம் எழுந்து நடந்தது, பிறகு படுத்துவிட்டது. வயிறு இன்னும் வழிக்கு வரவில்லை.

விழாப் பொறுப்பாளர் அந்தோணி வாத்தியார் பைக்கில் வந்து இறங்கினார்.

"என்ன மைக்செட்டு, இங்கன உக்காந்திருக்கீக? அங்கன ஃபாதர் தேடுறாகய்யா!"

"நான் வரல வாத்தியாரே. வேற ஆளப் பாத்துக்கங்க."

"இனிமே எங்குட்டுப் போயி ஆளத் தேட? மாதா கோவிச்சுக்கிற மாட்டாகளா?"

"மாதாவுக்குப் புள்ளையோட அருமை தெரியும். கோவிச்சுக்கிற மாட்டாக" என்றார் மைக்செட். குரல் உடைந்திருந்தது. வாத்தியார் பைக் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

பச்சை கேட் திறந்தது. செல்லத்தாய் அக்கா வந்து அவர் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கினார்.

"நீங்க போங்கண்ணே. வாயில்லாச் சீவன் பசியாக் கெடக்கேன்னு நான்தான் பால வச்சுத் தொலைச்சேன். இன்னைக்கு நான் பாத்துக்கிறேன். தண்ணியும் சோறும் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குடுப்பேன். உப்பு போட மாட்டேன். போதுமா?"

மைக்செட் அவரையே பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தார். டெம்போவில் இந்த முறையும் முன் சீட்டு எனக்கே வாய்த்தது.

சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. பூவால் மூடிய சப்பரம் தயாராக நின்றது. ஃபாதர் வெள்ளை அங்கியில் வந்து நின்றார். கார்ட்லெஸ் மைக்கை அவரிடம் கொடுக்கப் போன நேரத்தில் மைக்செட்டின் போன் அடித்தது. செல்லத்தாய் அக்கா. காது மந்தம் என்பதால் அவர் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஒரு கையில் போன். இன்னொரு கையில் மைக். மைக் ஆனில் இருந்தது.

"அண்ணே... போயிருச்சுண்ணே!" என்று அக்காவின் குரல் எட்டுத் திக்கும் அலறியது.

"என்னது? போயிருச்சா?" மைக்செட் மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஐயோ, எக்கோ! என்னைய விட்டுப் போயிட்டியேடா!"

முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அட, அவன் போகலண்ணே! வெளிய போயிருச்சு! கெட்டியாப் போயிருச்சு! வாழப்பழம் கணக்கா!"

எங்கோ பின்னால் ஒருவர் கை தட்டினார். அப்புறம் மைதானமே தட்டியது. பேண்டு வாத்தியக்காரர்களில் ஒருவர் தாங்க முடியாமல் டிரம்மில் ஓங்கி ஒரு அடி வைத்தார். மைக்செட் புல்தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அதுவும் மைக்கில்தான் போனது. ஃபாதர் குனிந்து அவர் கையிலிருந்து மைக்கை மெல்ல எடுத்தார்.

"நல்ல செய்தி. மாதாவுக்கு நன்றி சொல்வோம்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இப்ப ஜெபமாலையைத் தொடங்கலாமா?"

எக்கோ முழுதாகத் தேறிவிட்டது. புரோட்டாவும் சால்னாவும் அந்தத் தெருவில் அதற்குத் தடை செய்யப்பட்டுவிட்டன. சில மாதம் கழித்து எனக்குத் தேனிக்கு மாற்றல் வந்தது. என் கட்டிலையும் பீரோவையும் மைக்செட்தான் டெம்போவில் ஏற்றி வந்து இறக்கினார். இறக்கிய பிறகும் கிளம்பாமல் நின்றார்.

"தனியா இருக்கீக சார். கண்டதத் தின்னு வயித்தக் கெடுத்துக்காதீக. ஏதாச்சும்னா ஒரு போன் போடுங்க, நான் வந்து கஞ்சி வச்சுத் தாறேன்" என்றார். அந்தப் புதுத் தெருவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இல்லை.

போன வாரம் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் எனக்கு வயிற்றைப் புரட்டியது. போன் போட்டேன். கையிலிருக்கும் விசேஷத்தை முடித்ததும் வந்துவிடுவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே கூப்பிட்டு, "எக்கோவையும் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன் சார்" என்றார். வயிறு முந்தின நாளே சரியாகிவிட்டது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.