எத்திராஜ் நாலு தடவை

எத்திராஜ் குடும்பம் கணினித் திரையில் நான்கு முறை வந்து நின்றது. அடுத்து யேசுதாஸ் குடும்பம், மூன்று முறை.

தாரணி தலையில் கை வைத்தாள். கல்யாண மண்டபங்களுக்கு மென்பொருள் செய்யும் அல்சூர் கம்பெனியில் அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஞாயிறன்று ஜீவனஹள்ளி மண்டபத்தில் கல்யாணம். அது நல்லபடியாக முடிந்தால்தான் வேலை என்று மேனேஜர் ஓஸ்வால்ட் சொல்லிவிட்டார். அழைத்த குடும்பங்களையும் அவற்றின் ஆட்களையும் டேட்டாபேஸிலிருந்து சேர்த்து எடுத்ததில், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை முறை அந்த வீட்டின் பேர் வந்து தொலைத்தது. அந்த லட்சணத்திலேயே விருந்தாளிப் பட்டியல் சமையல்கட்டுக்கும் போய்விட்டது.

"ஒரே மாதிரி இருக்கறத தூக்கிடு, அஷ்டே, அவ்ளோதான்," என்றார் ஓஸ்வால்ட்.

தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. வரிக்கு வரி ஆள் வேறு என்பதால், கணினிக்கு எல்லாமே வேறு வேறுதான். சரி, பேரை வைத்து வடிகட்டுவோம் என்று இறங்கினாள். ஒரே ஒரு எத்திராஜ் மிஞ்சினார். பிரமாதம் என்று அதைச் சரிபார்க்கப் பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போனாள்.

திரும்புவதற்குள் பெண் வீட்டிலிருந்து போன். ஸ்ரீராம்புரத்தில் இன்னொரு எத்திராஜ் இருக்கிறாராம், பெண்ணுக்குத் தாய்மாமன். தாய்மாமனையே காணோம் என்று அவர்கள் ஓஸ்வால்டைக் காய்ச்ச, அவர் தாரணியைக் காய்ச்சினார்.

கடைசியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள தனி எண்ணை வைத்துப் பிரித்தாள். குடும்பம் ஒரே முறை, ஆட்கள் அதற்குள்ளே. தாய்மாமனும் தனியாக எழுந்தருளினார். தாரணிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. சனிக்கிழமை ராத்திரி புதிய பட்டியலைச் சமையல்கட்டுக்குப் போனில் அனுப்பிவிட்டு ஞாயிறு பகல் வரை நிம்மதியாகத் தூங்கினாள்.

எழுந்து போனைப் பார்த்தால், அனுப்பியது போய்ச் சேரவே இல்லை.

அப்படியானால் பழையதை வைத்துத்தான் சமைத்திருப்பார்கள். அண்டா அண்டாவாகச் சோறு மிஞ்சும், வேலை போகும். ஆட்டோ பிடித்து ஓடினாள்.

மண்டபத்தில் கடைசிப் பந்தி எழுந்துகொண்டிருந்தது. அண்டாக்கள் காலி. யாரும் யாரையும் திட்டவில்லை. தாரணிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. எப்படித் தப்பித்தோம் என்றுதான் விளங்கவில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த சமையல்காரம்மா சின்னத்தாயியிடம், புதியது வந்து சேர்ந்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இப்பதான்மா நெட் போட்டு பாத்தேன். பழசுல ஒரு வரிக்கு ஒரு எலன்னு ஆக்குனேன், கரெக்டா இருந்துச்சு. நீ திருத்துனதுல வீட்டுக்கு ஒரு வரிதான், அத நம்பியிருந்தா வீட்டுக்கு ஒருத்தருதான் சாப்ட்டிருப்பாங்க."