கானோருக்கு நாற்பது நிமிடம்

கூடைப்பந்து அணியின் முதல் ஐவரில் ஓர் இடத்துக்கு அன்றைய சந்தை நிலவரம் மூன்று கிலோ பன்றி வயிற்றுக்கறி. தோலோடு, எலும்பில்லாமல், சிவப்புப் பிளாஸ்டிக் பையில் டெல்ஃபின் வீட்டு இரும்புக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் ஒரு துண்டுச்சீட்டு.

'கோச், இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கே தெரியும். – கானோர்.'

டெல்ஃபினுக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருஷமாகச் சந்தையில் கருவாடு விற்கிறவர். வாடிக்கையாளர் மீனை முகர்ந்து பார்க்கும் தினுசிலேயே எந்த விலைக்குப் படிவார் என்று கண்டுபிடித்துவிடுவார். அவருக்கா ஒரு துண்டுச்சீட்டு புரியாது?

"ஆட்டத்துல இடம் கேக்குறாரு," என்றார் மனைவியிடம்.

"யாரு கேட்டா என்ன, கறி நல்லா இருக்கு," என்றாள் மிலா. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சட்டியில் வினிகரும் சோயாவும் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தன.

"அடியே, அதைத் தொடாதே! இன்னிக்குத்தான் அவரை பெஞ்சுல உட்கார வைக்கப்போறேன்னு சொல்ல இருந்தேன்!"

"தொட்டாச்சு."

சந்தைக்காரர்கள் அணி போன வருஷத்துச் சாம்பியன். இந்த வருஷம் முதல் இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. அதிலும் ஒன்று ஐஸ்கிரீம் வண்டிக்காரர்களிடம். ஊர்த்தலைவி டெல்ஃபினைக் கூப்பிட்டு, "முதல் சுற்றுல அஞ்சு ஆட்டம். ஒண்ணாவது ஜெயிச்சுக் காட்டு. இல்லேன்னா விசிலை ரொடேல்கிட்ட கொடுத்துடு," என்று சொல்லிவிட்டார். அணியின் பனியன் முதுகில் தலைவியின் முகம்தான் அச்சிட்டிருந்தது. ஒவ்வொரு தோல்வியிலும் அந்த முகம்தான் வியர்வையில் நனைந்து தொங்கியது.

ரொடேல் மிலாவின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வந்து, சாப்பாட்டு மேசையில் கிண்ணங்களை ஆட்டக்காரர்களாக வைத்து, டெல்ஃபின் எங்கே தப்பு செய்தார் என்று விளக்குகிறவன். அவன் கழுத்தில் விசில் தொங்கினால் டெல்ஃபின் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும்.

தோல்விக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். கசாப்புக்கடை கானோர். சந்தை முழுக்க அவருக்கு 'மலை' என்று பேர். போன வருஷம் வளையத்தின் அடியில் நின்றால் நகர்த்த ஆளில்லை. இந்த வருஷமும் நகரவில்லை. தானாகவே நகர முடியவில்லை. வயது நாற்பத்தாறு. பக்கத்தில் போனால் தைல வாசனை.

ஐஸ் கிடங்கில் வேலை செய்யும் அர்னுல் ஆறடி நாலங்குலம். அவனை வளையத்தடியில் நிறுத்தி, கானோரை உட்கார வைத்திருந்தால் தீர்ந்தது. ஆனால் கறி சட்டியில் கிடந்தது. தின்ற கறிக்கு நன்றி காட்டாதவனுக்குச் சந்தையில் யார் உப்புக் கொடுப்பார்கள்?

ஆகவே மூன்றாவது ஆட்டத்தில் டெல்ஃபின் புதுத் திட்டம் போட்டார். கானோர் வளையத்தடியிலேயே இருப்பார். அர்னுல் பந்தைத் தட்டிக்கொண்டு போவான்.

"கோச், எனக்குத் தட்டத் தெரியாதே," என்றான் அர்னுல்.

"ஐஸ் பாளத்தைத் தள்ளிட்டுப் போறியே, அது மாதிரிதான்."

"ஐஸ் பாளம் திரும்பி வந்து மூஞ்சில அடிக்காது கோச்."

பந்து அடித்தது. இரண்டு முறை மூக்கில். டிரைசைக்கிள் ஓட்டிகள் அணி இருபத்தொரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. ஒவ்வொரு இடைவேளையிலும் கானோர் மூச்சிரைக்க வந்து ஒரே கேள்வி கேட்டார்: "இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு, கோச்?"

'ஆட்டப் பசி தீரலை மனுஷனுக்கு' என்று நினைத்துக்கொண்டார் டெல்ஃபின். "கவலைப்படாதீங்க குயா," என்றார் அண்ணன் முறை வைத்து, "உங்களை எடுக்க மாட்டேன்."

கானோரின் கண் கலங்கியது. டெல்ஃபினுக்கும் மனசு இளகியது.

மறுநாள் காலை கதவில் ஐந்து கிலோ தொங்கியது.

"பாரு, விலையை ஏத்துறாரு. முழு ஆட்டமும் வேணுமாம்."

"இதுல விலா எலும்பும் இருக்கு," என்றாள் மிலா. "புளி போட்டுச் சூப்பு வைக்கலாம்."

"வைக்காதே. திருப்பி அனுப்பிடலாம்."

"திருப்பி அனுப்புறதா? மூஞ்சில எறிஞ்ச மாதிரி ஆகும். நாளைக்கு பாசிங் என்கிட்டப் பேசுவாளா?" பாசிங் கானோரின் மனைவி, கல்லாவில் உட்கார்ந்து, வாங்குகிறவர் தராசைப் பார்ப்பதற்குள் தொகையைச் சொல்கிறவள்.

டெல்ஃபின் யோசித்தார். வாங்கியதற்குச் சமமாகக் கொடுத்துவிட்டால் பாக்கி தீர்ந்தது. பிறகு மனசாட்சிப்படி உட்கார வைக்கலாம். கடையில் இருந்ததில் முதல் தரமான கருவாடு நாலு கிலோ கட்டி, கானோர் கடைக்கு அனுப்பி வைத்தார். பெருமூச்சு விட்டார். மிலா சூப்பு வைத்தாள்.

சாயங்காலமே ஆறு கிலோ வந்தது. கூடவே ஈரலும்.

டெல்ஃபின் பையைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "படியலைன்னு நினைச்சுட்டாரு! நான் கருவாடு அனுப்பினதை, இந்த விலை போதாதுன்னு எடுத்துக்கிட்டாரு!"

இதை மட்டும் அவர் சரியாகப் புரிந்துகொண்டார்.

"பேசாம நேர்ல போய்க் கேளேன், என்ன வேணும்னு," என்றாள் மிலா.

"நேர்ல கேக்குறதா? சந்தைக்கு நடுவுல, 'குயா, நீங்க எனக்கு லஞ்சம் கொடுக்குறீங்களா'ன்னா? கையில எப்பவும் கத்தி வெச்சிருக்கிற ஆளுடி."

நாலாவது ஆட்டம் மீனவர்களோடு. கானோர் வழக்கத்தைவிட ஆவேசமாக இறங்கினார். முதல் கால் ஆட்டத்திலேயே மூன்று பேரைத் தள்ளிவிட்டார். ஒருவனைக் கட்டிப்பிடித்தார். நாலு ஃபவுல். டெல்ஃபின் பூரித்துப் போனார். இத்தனை வேகத்தை அவர் இந்த வருஷம் பார்த்ததில்லை. அடுத்த கால் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷத்தில் கானோர், பந்தே கையில் இல்லாத ஒரு மீனவனின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார். நடுவர் விசில் ஊதினார். ஐந்தாவது ஃபவுல். ஐந்தானால் வெளியே.

கானோர் அதற்குள் பாதித் தூரம் பெஞ்சை நோக்கி வந்துவிட்டார். நடையில் ஒரு துள்ளல்கூடத் தெரிந்தது.

"நில்லுங்க!" டெல்ஃபின் மைதானத்துக்குள் பாய்ந்தார். "என்னய்யா நடுவர் நீ! அவன் கால்சட்டை தானா அவிழ்ந்துச்சு, இவர் மானத்தைக் காப்பாத்தப் போனாரு!"

"கோச், விடுங்க," என்றார் கானோர். "விதின்னா விதி. நான் போறேன்."

"பெருந்தன்மையைப் பாரு! இப்படிப்பட்ட மனுஷனையா வெளியேத்துற?" டெல்ஃபின் நடுவரின் காதருகே போனார். "உன் பையனுக்கு நான்தான் ஞானத்தகப்பன். வர்ற கிறிஸ்துமசுக்கு அவன் பரிசு வாங்க என் வீட்டு வாசலுக்கு வரணுமா வேண்டாமா?"

நடுவர் வானத்தைப் பார்த்தார். ஃபவுல் நாலாகவே நின்றது.

கானோர் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கூட்டம் எழுந்து கைதட்டியது. "மலை! மலை!" என்று சந்தைப் பெண்கள் தக்காளிக் கூடையைத் தட்டிக் கத்தினார்கள். மீனவர்கள் முப்பது புள்ளியில் ஜெயித்தார்கள்.

அதற்குப் பிறகு கறி வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். ஞாயிற்றுக்கிழமை வெறும் காய்கறிதான். ரொடேல் கத்தரிக்காயை நடுவில் வைத்து, "இதுதான் கானோர்," என்று தொடங்கினான். விசிலுக்குப் புதுக் கயிறு வாங்கிவிட்டதாகவும் சொன்னான். நீல நிறமாம்.

"கோவிச்சுக்கிட்டாரு கானோர்," என்றார் டெல்ஃபின் அன்று. "போன ஆட்டத்துல கடைசி நாலு நிமிஷம் அவரை எடுத்தேன்ல? அதான். பதினாலு கிலோ கொடுத்த மனுஷனுக்கு முப்பத்தாறு நிமிஷம்தான் கொடுத்திருக்கேன்."

"அப்போ?"

"கடைசி ஆட்டம். நாற்பது நிமிஷமும் அவருக்கே. தோத்தாலும் எவனுக்கும் கடன்படாம தோக்குறேன்."

ஐந்தாவது ஆட்டம் தையற்காரர்களோடு. தையற்காரர்களில் நாலு பேர் கண்ணாடி போட்டவர்கள். இவர்களையும் ஜெயிக்காவிட்டால் வேறு யாரையும் ஜெயிக்க முடியாது. டெல்ஃபின் வீரர்களை வட்டமாக நிறுத்தினார்.

"இன்னிக்கு எல்லாம் குயா கானோர்தான். பந்தைக் கொண்டு போறதும் அவரே, வளையத்தடியில நிக்கறதும் அவரே, ஃப்ரீ த்ரோவும் அவரே. அர்னுல், நீ உட்காரு."

அர்னுல் உட்கார்ந்தான். கானோர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார், இரண்டு தடவை.

பாதி ஆட்டம் முடிந்தபோது தையற்காரர்கள் முப்பத்தொன்று, சந்தைக்காரர்கள் இருபத்திரண்டு. ரொடேல் முதல் வரிசையில் நீலக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். ஊர்த்தலைவி அவனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கானோர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை மடக்காமல் நின்றார். உதடு மட்டும் அசைந்தது: "இன்னும் எத்தனை நிமிஷம், கோச்?"

"இருபது, குயா! முழுசா இருபது! உங்களுக்கேதான்!"

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாசிங் வந்தாள். கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், ஏப்ரன்கூட அவிழ்க்கவில்லை. கையில் சிவப்புப் பை.

டெல்ஃபின் இரண்டு கையையும் உயர்த்தினார். "ஐயோ, பாசிங் அக்கா, இனிமே வேண்டாம்! நான்தான் பாக்கி இல்லாம தீர்த்துட்டேனே! கேளுங்க அவரை, ஒரு நொடிகூட வெளியே எடுக்கலை!"

பாசிங் கம்பத்தடியில் நிற்கும் புருஷனைப் பார்த்தாள். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆறடி நாலங்குலத்தைப் பார்த்தாள். கடைசியாக டெல்ஃபினைப் பார்த்தாள், கல்லாவில் செல்லாத நோட்டைப் பார்ப்பதுபோல. பையை அவர் மடியில் வைத்துவிட்டு விரல் மடக்கினாள்.

"மூணும் அஞ்சும் எட்டு, எட்டும் ஆறும் பதினாலு. இதுல ஒரு நாலு. பதினெட்டு கிலோ ஆச்சு, கோச். என் புருஷனை அந்த பெஞ்சுல உட்கார வைக்க இன்னும் எத்தனை கிலோ பாக்கி?"