கஞ்சிமேடு காஞ்சனமேடு ஆன விதம்

ஒரு மனிதன் ஓரிடத்தில் குடியிருக்கிறானா இல்லையா என்பதை அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள், தாலுகா ஆபீஸ் வாசலை மிதிக்காத பாக்கியசாலிகள். மதலைமுத்துவுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

பாப்பாரப்பட்டியிலிருந்து இண்டூர் போகிற வழியில், கேழ்வரகுக் காடுகளுக்கு நடுவே ஒரு மேடு. அதன் மேல் கொஞ்சம் கூரை வீடுகள், தகரம் போட்ட ஓர் அந்தோணியார் கோயில், நிறையக் கோழிகள். கஞ்சிமேடு என்று பெயர். தாது வருஷத்துப் பஞ்சத்தில் வெள்ளைக்காரன் அங்கே கஞ்சித் தொட்டி வைத்தான். கஞ்சிக்காக எங்கெங்கிருந்தோ நடந்து வந்த கூட்டத்தில், பெரியவர்கள் செத்து, பிழைத்துக் கிடந்த பிள்ளைகளை வேதக்கோயில் சாமியார்கள் எடுத்து வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வழி வந்தவர்கள்தான் இப்போது மேட்டில் இருப்பவர்கள். சுற்றியுள்ள காடுகளில் கூலி வேலை செய்கிறவர்கள்.

ஒவ்வொரு ஜமாபந்திக்கும் மதலைமுத்து வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போவான். அங்கே குமாஸ்தா ராஜாமணி இருப்பார்.

"சார், இந்த வருசமாச்சும் எங்க வூட்டு மனைக்குப் பட்டா..."

"மதலைமுத்து, உனக்கு எத்தனை தடவை சொல்றது? கணக்குப்படி அது தரிசுப் புறம்போக்கு. அங்க குடியிருப்பு கிடையாது."

"நாங்க இருக்கறோம்ங்களே."

"இருக்கீங்க. யாரு இல்லேன்னா? இருந்ததுக்கு ஆதாரம் இல்லையே."

"போன வருசமும் வந்தேனுங்களே. இருந்ததாலதானே வந்தேன்?"

"வந்தது, வந்ததுக்குத்தான் ஆதாரம். இருந்ததுக்கு ஆகாது."

இதற்கு மேல் என்ன பேசுவது? சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அடுத்த ஜமாபந்திக்குக் காத்திருப்பான்.

இப்படி இருக்கையில் எழுபத்திரண்டாம் வருஷ மழையில் அவன் வீட்டுச் சமையற்கட்டுச் சுவர் இடிந்தது. மனைவி ராஜமேரி, பின்பக்கம் மண் வெட்டிக் குழைத்துச் சுவர் வைக்கச் சொன்னாள். இடுப்பளவு வெட்டியதும் சாம்பல் வந்தது. வரிசையாகக் கருகிய அடுப்புக் கற்கள். கனத்த சட்டி ஓடுகள். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அகப்பை, வளைந்து போய்க் கிடந்தது. சாம்பலுக்குள் பித்தளையில் சின்னதாக ஒரு மாதா சுரூபம்.

செய்தி பரவியது. கேட்க வேண்டுமா? அந்தக் காலம் ராஜாக்களுக்கு நல்ல மவுசு. உயிரோடிருந்த ராஜாக்களுக்கு டெல்லியில் மானியத்தை நிறுத்தியிருந்தார்கள். செத்துப்போன ராஜாக்களுக்கு இங்கே ஊருக்கு ஊர் விழா எடுத்துக்கொண்டிருந்தார்கள். தன் ஊர்ப் பெயரில் ஒரு மன்னன் இல்லாதவன் டீக்கடையில் சத்தமாகப் பேச முடியாத நிலை. எனவே ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து பழம்பொருள் ஆய்வு அலுவலர் குப்புராஜ் இறங்கினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே மேட்டைச் சுற்றிவந்தார்.

"இந்த இடத்துக்கு என்ன பேரு?"

"கஞ்சிமேடுங்க" என்றாள் ராஜமேரி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "காஞ்சனமேடு. காஞ்சனம் என்றால் பொன். நாளடைவில் மருவிக் கஞ்சி ஆகிவிட்டது."

"இல்லீங்க, இங்க கஞ்சி ஊத்தினாங்க. எங்க பாட்டன் பூட்டனெல்லாம் குடிச்சிருக்காங்க."

"அது பாமர வழக்கு" என்றார் குப்புராஜ் அன்போடு.

பிறகு எல்லாம் மளமளவென்று தெளிவாயிற்று. வரிசை அடுப்புகள் அரண்மனை மடைப்பள்ளி. இரும்பு அகப்பையைச் செங்கோல் என்று முடிவு செய்யத்தான் அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. வளைந்திருந்ததால் கொடுங்கோலோ என்று ஓர் ஐயம். கடைசியில், மண்ணின் பாரத்தால் வளைந்த செங்கோல் என்று தீர்ப்பானது. பித்தளைச் சுரூபத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர் மெய்சிலிர்த்தார்.

"தலையில் கிரீடம். பட்டத்தரசி!"

"அது மாதாங்க" என்றாள் ராஜமேரி. தன் கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள். அதே மாதா, அதே பித்தளை. அவள் அம்மா சாகும்போது கொடுத்தது.

குப்புராஜ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அரச குடும்பத்துப் பொருள் இன்னும் பொதுமக்கள் கையில் புழங்குகிறது" என்று வருந்தி, ஒப்பீட்டு ஆய்வுக்காக அதையும் வாங்கிக்கொண்டார். ராஜமேரி வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப் போவதைப் பார்த்தபடி நின்றாள்.

மறுவாரம் மேட்டில் போர்டு நட்டார்கள். 'இவ்விடம் பாதுகாக்கப்பட்டது. இங்கு தோண்டுதல், சமைத்தல், குடியிருத்தல் ஆகியன தண்டனைக்குரிய குற்றங்கள்.' மதலைமுத்துவைத் தற்காலிகக் காவலாளியாக நியமித்து ஒரு காக்கிச் சட்டையும் தொப்பியும் விசிலும் கொடுத்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசும் அவனிடமே கொடுக்கப்பட்டது. அதை அவனுக்கு அவனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

காவல் கடுமையாக இருந்தது. ராஜமேரி ஆட்டுக்குத் தழை வைக்கப் பின்பக்கம் வந்தால் விசில் ஊதினான்.

"என்னா, என்னைப் பாத்தா ஊதற?"

"ஆபீசரு சாலையில நிக்கறாரு. அத்துமீறி நுழைஞ்சா ஊதோணும்."

"நீயும்தானே உள்ள நிக்கற?"

"நான் டூட்டியில நிக்கறேன்."

"அப்ப ராத்திரி டூட்டி முடிஞ்சதும் எங்க படுப்ப?"

அவன் அதற்கான பதிலைத் தெரிந்துகொள்ளத் தாலுகா ஆபீசுக்குப் போனான். உள்ளூர அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இங்கே ஆள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார்களே, இப்போது மண்ணுக்குள்ளிருந்தே ஆதாரம் வந்துவிட்டது.

ராஜாமணி அதை மறுக்கவில்லை. "ஆமா மதலைமுத்து. மேட்டுல ரொம்ப நாளா ஆள் இருந்திருக்காங்கன்னு ரூபிச்சாச்சு. அதனாலதான் இப்ப யாரும் இருக்கக் கூடாது."

"முன்ன, ஆள் இருந்ததில்ல, அதனால இருக்கக் கூடாதுன்னீங்க."

"பாரு, ரெண்டு ஆபீசும் எவ்வளவு ஒத்துமையா இருக்கோம்!"

தோண்டும் வேலை தொடர்ந்தது. அரண்மனைச் சுவரைத் தேடி மேட்டின் கிழக்குச் சரிவில் நீளமாகக் குழி வெட்டினார்கள். சுவர் வரவில்லை. எலும்பு வந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல. விறகு அடுக்கியதுபோல் ஒன்றன் மேல் ஒன்றாக. நகை இல்லை, பானை இல்லை, ஆயுதம் இல்லை. பாதிக்குப் பாதி சின்ன எலும்புகள்.

மண் சுமந்த பெண்கள் கூடையை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மதலைமுத்து காக்கித் தொப்பியைக் கழற்றினான். அவனுடைய தாத்தாவின் அப்பா தங்கையோடு கஞ்சிக்கு வந்தவர். 'அவ மேட்டுலயே தங்கிட்டா' என்று வீட்டில் சொல்வார்கள். அவள் மேட்டில் குடித்தனம் வைத்துத் தங்கிவிட்டாள் என்றுதான் அவன் இத்தனை காலமும் நினைத்திருந்தான்.

குப்புராஜும் உணர்ச்சிவசப்பட்டார். "போர்க்களம்! மன்னனுக்காக மாண்ட மாவீரர்கள்!"

ராஜமேரி குழியின் ஓரத்தில் குந்தி, ஒரு சின்ன மண்டையோட்டைக் காட்டினாள். "இதுக்கு இன்னும் பல்லே மொளைக்கலீங்க. இதுவும் சண்டைக்குப் போச்சுங்களா?"

அவர் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அக்காலத்தில் வீரம் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது."

எலும்பு என்று வந்துவிட்டால் சென்னையிலிருந்து நிபுணர் வரவேண்டும் என்பது விதி. பேராசிரியர் சென்றாயன் வந்தார். எதையும் மருவ விடாத மனிதர். குழிக்குள் இறங்கி வெயிலில் வேலை செய்தார். ஏறி வந்தவர் குப்புராஜிடம் நேராகவே சொன்னார்.

"போர் இல்ல சார். ஒரு வெட்டுக்காயம்கூட இல்ல. பஞ்சம். கஞ்சித் தொட்டிக்கு வந்து செத்தவங்களை மொத்தமாப் புதைச்சிருக்காங்க. இது பெரிய கண்டுபிடிப்பு. ராஜாக்களுக்குக் கல்வெட்டு இருக்கு. இவங்க இருந்தாங்கன்னு சொல்ல இந்தக் குழியை விட்டா வேற எதுவும் இல்ல."

"எத்தனை வருஷப் பழசு?"

"தாது வருஷம். நூறுக்குக் கொஞ்சம் குறையும்."

குப்புராஜின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா இது பழம்பொருளே இல்லையே! நூறு முழுசா ஆகணும். சட்டம் அப்படி."

"ரெண்டு மூணு வருஷத்துல ஆயிடும் சார்."

"நான் என்ன செய்யட்டும்? அவங்க கொஞ்சம் முன்னாடியே செத்திருக்கணும்."

பேராசிரியர் அன்று மாலையே பஸ் ஏறினார். நீண்ட அறிக்கை ஒன்று எழுதி அனுப்பினார். அது சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டது.

பழம்பொருள் இல்லை என்றதும் போர்டைப் பிடுங்கியிருக்க வேண்டியது. ஆனால் காஞ்சனமேட்டு மன்னனின் நினைவுத் தூணைத் திறந்துவைக்கப் பெரிய பிரமுகர் ஒருவர் தேதி கொடுத்துவிட்டார். தேதியை மாற்றுவதைவிடச் சரித்திரத்தை மாற்றுவது எளிது. தாலுகா ஆபீசில் கூட்டம் நடந்தது. குப்புராஜ் விளக்கினார்.

"எலும்பு பழம்பொருள் இல்ல. பழம்பொருள் இல்லாததைப் பத்தித் துறைக்குக் கருத்து கிடையாது. துறைக்குக் கருத்து இல்லாதப்ப, அவங்களை மாவீரர்கள்னு சொல்ல யாருக்குத் தடை?"

யாருக்கும் தடை தோன்றவில்லை. ராஜாமணி மட்டும் ஓர் ஐயம் கிளப்பினார். தூண் நட மாவீரர்களின் வாரிசுகள் சம்மதம் தரவேண்டுமே? மதலைமுத்துவைக் கூப்பிட்டார்கள்.

"இந்தா பாரு" என்றார் ராஜாமணி. "குழியில இருக்கறவங்க பஞ்சத்துல செத்தவங்கன்னா, பஞ்சத்துல செத்தவங்களுக்கு ஏது வாரிசு? மாவீரர்கள்னா வாரிசு உண்டு. வாரிசுன்னா சலுகை உண்டு. மேடு முழுக்க உங்களுக்குப் பட்டா. நீ ஊருக்காகக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

மதலைமுத்து ஒருநாள் அவகாசம் கேட்டு வீட்டுக்கு வந்தான்.

"அது பொய்யி" என்றாள் ராஜமேரி.

"வூடு நெசம்."

"அந்தப் புள்ள ராஜாவுக்காகவா செத்துச்சு? சோறு இல்லாமச் செத்துச்சு."

"எனக்குத் தெரியாதா? நாளைக்கு நம்ம புள்ளைங்க தெருவுல நிக்கணுமா, சொல்லு."

மறுநாள் அவன் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில், நடந்துவந்த பூட்டனையும் கூட வந்த தங்கையையும் நினைத்துக்கொண்டான். மேட்டுக்கு ஏறும்போது கிழக்குப் பக்கம் பார்க்காமல் நடந்தான்.

விழா அமர்க்களமாக நடந்தது. குழியை மூடி மேலே தூண் எழும்பியது. பெரிய பிரமுகர் ஒலிபெருக்கி அதிர முழங்கினார்.

"காஞ்சனமேட்டு மன்னன் பொன்னால் ஆண்டான்! கேளுங்கள், பசி என்ற சொல்லையே அறியாத மண் இது!"

கூட்டம் கைதட்டியது. ராஜாமணி தட்டினார். குப்புராஜ் தட்டினார். மேட்டு ஜனங்களும் தட்டினார்கள். பட்டா கொடுப்பது பேச்சுக்குப் பிறகு என்று சொல்லியிருந்ததால் மதலைமுத்து நிறுத்தாமல் தட்டினான்.

பட்டா கைக்கு வந்தது. இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாளும் வந்தது. ராஜமேரி மேட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மெழுகுவத்தியோடு தூணடிக்குக் கிளம்பினாள். மதலைமுத்து குறுக்கே நின்றான்.

"வேணாம். ராஜாவோட தூணுல வேதக்காரங்களுக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. பட்டாவை ரத்து பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும்" என்று அவனை விலக்கிக்கொண்டு போனாள். மேடு முழுக்க மெழுகுவத்தி எரிந்தது. பெண்கள் செபமாலை சொன்னார்கள், வாய்விட்டு அழுதார்கள். இண்டூர் பஸ் நின்று, ஜனங்கள் ஜன்னல் வழியே பார்த்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். மதலைமுத்து அன்றிரவு தூங்கவில்லை.

பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. குப்புராஜ் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். 'காஞ்சனமேட்டுப் பெண்டிர் ஐப்பசித் திங்களில் மன்னனுக்கும் மாவீரர்க்கும் விளக்கேற்றும் தொன்மரபு இன்றளவும் அழியாதிருப்பது வியத்தற்குரியது.' மதலைமுத்து அதை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினான்.

"அப்ப அடுத்த வருசம் ஏத்தலாமா?"

"ஏத்தலேன்னாத்தான் தப்பு. தொன்மரபு ஆயிடுச்சே. ஆபீசுல சொல்லிட்டாங்க, மெழுகுவத்தி மட்டும் வேணாமாம். ராஜா காலத்துல அது கெடையாதாம். அகல் விளக்கு ஏத்தணுமாம். அப்புறம்..." அவன் தயங்கினான். "அழக் கூடாதாம். வீரர்களுக்கு அழறது மரபு இல்லையாம்."

அடுத்த வருஷம் அரசு செலவில் அகல் விளக்குகள் வந்தன. பெண்களை உயரவாரியாக நிறுத்தினார்கள். குப்புராஜ் போட்டோகிராபரை அழைத்து வந்திருந்தார். "எல்லாரும் கொஞ்சம் சிரிங்க" என்றார். பத்திரிகையில் வந்த படத்தை மதலைமுத்து கத்தரித்துக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினான். காக்கிச் சட்டையில் அவன்தான் எல்லோரையும்விட நன்றாகச் சிரித்திருந்தான். அவனுக்குப் பின்னால் ராஜமேரி முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள். படத்தின் கீழே அச்சிட்டிருந்தது: 'பெருமிதப் புன்னகையை நாணத்தால் மறைக்கும் காஞ்சனமேட்டு மங்கை.'