மொட்டைமாடி விற்பனைக்கு, புருஷன் நீங்கலாக

“வீட்டை வித்துடலாம்” என்றாள் பெர்னிஸ்.

“வித்துடலாம்” என்றேன்.

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ஐம்பது வருஷ தாம்பத்தியத்தில் நான் முதல் தடவையிலேயே சரி என்று சொன்ன விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணம் உட்பட.

“உடம்புக்கு ஏதாவது பண்ணுதா, மோர்ட்?”

“நல்லாத்தான் இருக்கேன். உனக்கு முட்டி வலி. நியூ ஜெர்சில பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துல, தோட்டத்தோட சின்னதா ஒரு வீடு வேணும்ங்கற. போயிடலாம். யார் வேண்டாம்னா?”

“நீதான். நேத்து வரைக்கும்.”

“நேத்து வேற, இன்னிக்கு வேற.”

மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்த மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு கரண்டி மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

நியூ ஜெர்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. என் மொட்டைமாடியிலிருந்து நன்றாகத் தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு மட்டும் லாயக்கான ஊர். மன்ஹாட்டனில் பிறந்தவன் அங்கே கல்யாணத்துக்குப் போவான், சாவுக்குப் போவான். குடிபோக மாட்டான்.

எங்கள் வீடு பதினைந்தாவது மாடி. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் கட்டியது. உயரமான கூரை, கனமான சுவர். பக்கத்து வீட்டுச் சத்தம் ஒரு பொட்டுக்கூட வராது. சொந்த வீட்டுச் சத்தத்துக்கு மட்டும் அந்தக் காலத்துக் கொத்தனார்கள் ஒரு வழியும் செய்யவில்லை.

வீட்டைவிட அதோடு சேர்ந்த மொட்டைமாடி பெரிது. அதில் ஒரு கான்வாஸ் நாற்காலி. நாற்காலியில் நான். எதிரே ஆறு, சுற்றிலும் பக்கத்துக் கூரைகளில் மரத் தண்ணீர்த் தொட்டிகள், புறாக்கள். காற்று ஆகாது என்று பெர்னிஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? அதை விற்பதாவது!

பின் ஏன் சரி என்றேன்? சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் பணம் இருந்தால் மட்டும் வீடு வாங்கிவிட முடியாது. குடியிருப்போர் கமிட்டி கூப்பிடும். உட்கார வைக்கும். கேள்வி கேட்கும். பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் வாசலைக் காட்டும். எதற்கு என்று கேட்க முடியாது. ராக்கெட்டில் போய் வந்தவராகவே இருக்கட்டும், கமிட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்.

கமிட்டிக்குத் தலைவர் யார்? நான்.

மொத்தம் மூன்று பேர். மிஸஸ் பாமரான்ட்ஸ், காரியதரிசி. நான் மழை என்றால் வெயில் என்பாள். முர்ரே, பொருளாளர். கடைசியாக யார் காதில் பேசினார்களோ அவர்கள் பக்கம் ஓட்டுப் போடுவான். எனவே நான் எப்போதும் கடைசியாகப் பேசுவேன். நாற்பது வருஷம் ஜிப் வியாபாரம் செய்தவன். எதை எப்போது மூட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

வருகிற ஆளையெல்லாம் வேண்டாம் என்பது. பெர்னிஸ் களைத்துப் போகும் வரை. இதுதான் திட்டம்.

வீட்டுத் தரகர் வந்தாள். கெண்ட்ரா என்று ஒரு சின்னப் பெண். எதைப் பார்த்தாலும் மார்பில் கை வைத்துக்கொள்வாள். மொட்டைமாடியைப் பார்த்ததும் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். ஆறு மில்லியன் டாலர் என்று விளம்பரம் போட்டாள். ‘போருக்கு முந்தைய சொகுசு இல்லம், பரந்த மொட்டைமாடி.’

“எந்தப் போருக்கு முந்தையதுங்க?” என்று பார்க்க வந்த ஒருவன் கேட்டான்.

“என் கல்யாணத்துக்கு” என்றேன்.

முதலில் இருதய டாக்டர் ஒருவர் அகப்பட்டார். மிஸஸ் பாமரான்ட்ஸின் சாப்பாட்டு மேஜையில் கமிட்டி கூடியது. கூடியதுமே அவள் ஆரம்பித்தாள்.

“இது உங்க வீட்டு விஷயம், மிஸ்டர் செல்னிக். நீங்க ஒதுங்கி உக்காருங்க.”

“அப்படின்னு விதில எங்க இருக்கு?”

“விதில இல்ல. மரியாதைல இருக்கு.”

“விதிய மட்டும் பேசுங்க” என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் திரும்பினேன். “ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புவீங்க?”

“சொல்ல முடியாது சார். ஆஸ்பத்திரில எப்ப வேணா கூப்பிடுவாங்க.”

“எங்க வாசல் காவலாளி தூங்க வேண்டாமா?”

“காவலாளி எதுக்கு சார் தூங்கணும்?” என்றார் டாக்டர். நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்கிறவரை வைத்துக்கொண்டு கட்டடம் நடத்த முடியாது. நிராகரித்தோம்.

அடுத்து ஒரு இளம் தம்பதி. கூடவே நாய். கன்றுக்குட்டி உயரம்.

“நாய் குரைக்குமா?”

“குரைக்கவே குரைக்காதுங்க” என்றான் பையன்.

“திருடன் வந்தா?”

“வந்தா குரைக்கும்.”

“அப்ப குரைக்கும்” என்றேன். நிராகரித்தோம்.

மூன்றாவதாக வந்தவள் கில்லியன் தார்ப். வங்கியில் பெரிய பதவி. விதவை. சத்தம் போடமாட்டாள், சமைக்கமாட்டாள், விருந்தாளி கிடையாது. என்னால் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு முர்ரே அன்று முகம் மழித்து, டை கட்டி வந்திருந்தான். அவள் பேசப் பேச அவனுக்கு வயது குறைந்துகொண்டே போனது.

அவளை வெளியே அனுப்பிவிட்டு முர்ரேயின் காதில் சொன்னேன். “நாலு புருஷன். நாலு பேரும் குளியல் தொட்டிலதான் போய்ச் சேர்ந்தாங்க.”

முர்ரே டையைத் தளர்த்தினான். “வேண்டாம்” என்றான்.

ஒவ்வொரு தடவையும் மேலே போய் பெர்னிஸிடம் சோகமாகச் சொல்வேன். அவள் கோபப்படுவாள், தட்டை உடைப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

“போகுது விடு. நீ என்ன பண்ணுவ? இன்னும் கொஞ்சம் குகல் வச்சுக்கோ.”

குகல் என்பது நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுடுவது. பெர்னிஸ் செய்தால் ஊரே கேட்டு வாங்கிச் சாப்பிடும். நான் நாலு கவளம் சாப்பிட்டேன். ஐந்தாவது இறங்கவில்லை. கோபப்படாத பெர்னிஸை நான் பார்த்ததே இல்லை.

“இன்னொரு தட்டு யாருக்கு?”

“மிஸஸ் பாமரான்ட்ஸ் வீட்டுக்கு. செவ்வாய்க்கிழமையாச்சே. மாஜாங்.”

கட்டடத்துப் பெண்கள் உட்கார்ந்து காய்களை உருட்டி ஆடுகிற ஆட்டம். வருஷக்கணக்காக நடக்கிறது. எனக்கென்ன? மொட்டைமாடிக்குப் போய் நாற்காலியில் சாய்ந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைகளைப் பற்றி நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் எப்போதாவது எதற்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தியின் தம்பி, ஒருத்தியின் மருமகள், ஒருத்தியின் பியானோ.

வருஷாந்திரக் கூட்டம் வந்தது. கீழே வரவேற்பு ஹாலில் மடக்கு நாற்காலிகள். வழக்கமான சடங்குதான். தலைவர் பதவிக்கு வேறு யாராவது உண்டா என்று மிஸஸ் பாமரான்ட்ஸ் கேட்பாள். எல்லோரும் கம்பளத்தைப் பார்ப்பார்கள். நான் மறுபடி தலைவர்.

இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. சொன்னாள்.

“பெர்னிஸ் செல்னிக்.”

சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

“நீ எதுக்கு நிக்கற?” என்று பக்கத்தில் இருந்த பெர்னிஸிடம் பல்லைக் கடித்தேன்.

“பாவம், எவ்வளவு காலம்தான் நீயே சுமப்ப? ஓய்வெடு, மோர்ட்.”

பெர்னிஸுக்கு யார் யார் என்று கேட்டார்கள். துப்பாக்கியோடு கொள்ளைக்காரன் நுழைந்த மாதிரி ஹால் முழுக்கக் கை மேலே போனது. எனக்கு யார் யார் என்று கேட்டார்கள். கொள்ளைக்காரன் கிளம்பிப் போய்விட்டான்.

அதற்கடுத்த வாரம் நாய்த் தம்பதியை மறுபடி கூப்பிட்டார்கள். பெர்னிஸ் யோக்கியமாக, “எங்க வீட்டு விஷயம், நான் உள்ள இருக்கக் கூடாது” என்று வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். உள்ளே காபி ஆறுவதற்குள் சரி என்று முடிந்துவிட்டது. லிஃப்டில் அந்த நாய் என் கையை நக்கியது. பரிதாபப்பட்டிருக்கும்.

மொட்டைமாடி போயிற்று. ஆனால் மோர்ட் செல்னிக் போகவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அறிவித்தேன்.

“நீ போ, பெர்னிஸ். நான் ஆத்தைத் தாண்டமாட்டேன். நம்ம கட்டடத்துலயே ரெண்டாவது மாடில பின்பக்கம் ஒத்தை ரூம் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. அதை வாங்கிக்கறேன்.”

“ஜன்னலைத் தொறந்தா எதிர் சுவர்தானே தெரியும்?”

“சுவர் மன்ஹாட்டன் சுவர்.”

“சரி. தாராளமா வாங்கிக்க.”

இந்தத் தடவை என் கரண்டி நின்றது. “நெஜமாவா?”

“பாதிப் பணம் உன்னுது. உன் இஷ்டம். கமிட்டி முன்னாடி மட்டும் வந்து உக்காரணும்.”

“நான் யாருன்னு கமிட்டிக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றாள் பெர்னிஸ்.

வீடு கைமாறும் நாள் வரை அவள்தான் தலைவர். மிஸஸ் பாமரான்ட்ஸின் அதே சாப்பாட்டு மேஜை. நடுவில் பெர்னிஸ், இரண்டு பக்கமும் மற்ற இருவர். நான் எதிர்ப்பக்கம். அந்த நாற்காலியின் கால் ஒன்று கட்டை என்பது அன்றுதான் தெரிந்தது.

“நீ என் பொண்டாட்டி. ஒதுங்கி உக்காரணும்.”

“விதிய மட்டும் பேசுங்க, மிஸ்டர் செல்னிக்” என்றாள்.

ஐம்பது வருஷத்தில் எனக்கு முதல் தடவையாக மரியாதை கிடைத்தது.

“தனியா இருப்பீங்களா?”

“ஆமா.”

“சமைப்பீங்களா?”

“முட்டை வேகவைப்பேன்.”

“எவ்வளவு நேரம்?”

“வேகற வரைக்கும்.”

மிஸஸ் பாமரான்ட்ஸ் பேனாவைத் தூக்கினாள். “கட்டடம் தீப்பிடிக்குமா, மிஸ்டர் செல்னிக்?”

“பிடிக்கவே பிடிக்காது.”

“அடுப்புல வச்சுட்டு மறந்துட்டா?”

நான் பதில் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

“உங்களைப் பத்தி நல்லபடியாச் சொல்ல இந்தக் கட்டடத்துல யாராவது இருக்காங்களா?” என்றாள் பெர்னிஸ்.

முர்ரேயைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“நேத்து மிஸஸ் தார்ப்பைப் பார்த்தேன்” என்றான் மெதுவாக. “காபி சாப்பிட்டோம். அவளுக்கு ஒரே புருஷன்தானாம், மோர்ட். ஜுரத்துல போனானாம். கட்டில்ல.”

என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. கனமான சுவர்.

கதவு திறந்தது. பெர்னிஸ் வந்தாள். கையில் என் கோட்டு.

“கிடைக்கல, மோர்ட்.”

“நீதானே கெடுத்த?”

“நானா? நான் ஒருத்திதான் உனக்கு ஓட்டுப் போட்டேன். வேணா உள்ள போய்க் கேட்டுப் பாரு.”

“எனக்கா? ஏன்?”

“மத்த ரெண்டு பேரும் போடமாட்டாங்கன்னு தெரியும். அப்புறம் நான் எதுக்குக் கெட்ட பேர் வாங்கிக்கணும்? கோட்டை மாட்டு. பொண்ணு காரோட கீழ நிக்கறா.”

மாட்டினேன்.