டிங்கர் பாஸ் மங்கலாக்கிய கதவு

கொழும்பில் காற்றுக்கே கட்டளை போட்ட ஒரே மனிதர் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையின் டிங்கர் பாஸ்தான். அவருக்குக் கராஜ் கிடையாது. ரயில் பாதையோடு முடிகிற ஒழுங்கையில் ஒரு மதிலோரம், ஆகாயமே கூரை. அங்கேதான் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிப்பார். சொந்தப் பெயர் என்னவென்று கேட்க எனக்குக் கடைசி வரை கூச்சமாக இருந்தது.

காலையில் விரலை நனைத்து உயர்த்திப் பிடிப்பார். காற்று கடலிலிருந்து உப்பும் ஈரமுமாக வந்தால் அன்று பெயின்ட் இல்லை. வராவிட்டால் ஒழுங்கை முழுவதற்கும் ஊரடங்குச் சட்டம். பாய் உதறக் கூடாது. ரொட்டி விற்கும் பாண்காரரின் சைக்கிளைக்கூட, "மல்லி, பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி முனையிலேயே நிறுத்திவிடுவார்.

"என்ர வாசலை நான் கூட்டக் கூடாதோ, பாஸ்?" என்பார் எதிர்வீட்டுப் பரிமளம் அக்கா.

"கூட்டுங்கோ. தூசி எழும்பாமக் கூட்டுங்கோ."

"அப்ப நக்கித்தான் துடைக்கவேணும்!"

பாஸ் சிரிக்க மாட்டார். ஈரப் பெயின்டில் ஈ ஒட்டினால், ஊசியால் மெல்ல எடுத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே அதைத் திட்டுவார்.

நான் அப்போது புறக்கோட்டை முதலாளி ஒருவரிடம் டிரைவர். என் சம்பளத்தில்தான் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டோம். முதலாளி மதுரைக்குப் போயிருந்த கிழமை, கிருலப்பனையில் ஒரு மதிலில் உரசி அவருடைய காரின் கதவொன்றை நசுக்கிவிட்டேன். ஒரு கீறலுக்காக முந்தைய டிரைவரை வேலையால் நிறுத்தியவர் அவர்.

பாஸ் மூன்று நாள் வேலை செய்தார். நாலாம் நாள் காலை போய்ப் பார்த்தேன். கதவில் என் முகம் தெரிந்தது. ஆனால் அது பதினைந்து வருடப் பழைய கார். மற்ற மூன்று கதவுகளும் வெயிலில் வெளுத்துக் கிடக்க, இது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. முதலாளி அரை மைலுக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

அதைப் பாஸிடம் பரிமளம் அக்காதான் சொன்னார்: "வடிவாத்தான் இருக்கு, பாஸ். அதுதான் பிழை. தம்பியின்ர வேலை போகப்போகுது."

பாஸ் காரை இரண்டு தரம் சுற்றி வந்தார். "மற்ற மூண்டையும் இதைப்போல அடிச்சு விடட்டோ?"

"ஐயோ பாஸ், அவர் இண்டைக்குப் பின்னேரம் வாறார்."

பாஸ் இன்னொரு தரம் கதவைப் பார்த்தார். பிறகு நிலத்தில் குந்தினார். மிக மெல்லிய சாண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, தானே கொண்டுவந்த பளபளப்பைத் தானே தேய்க்கத் தொடங்கினார். என் முகம் கதவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது.

"கைப்பிடிக்குக் கீழ இன்னும் மினுங்குது" என்றார் பரிமளம் அக்கா.

"தெரியும் அக்கா. கொஞ்சம் பேசாமல் இருங்கோ." பாஸ் தலை நிமிரவில்லை. அக்கா உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். அது ஆறிப்போனது.

பின்னேரம் முதலாளி காரைச் சுற்றிப் பார்த்தார். "வண்டி நாலு பக்கமும் வெளுத்துப்போச்சேப்பா" என்றபடி ஏறி உட்கார்ந்தார்.

மறுநாள் ஓடிப்போய்ப் பாஸிடம் சொன்னேன்.

"சந்தோஷம், தம்பி. ஆனா அந்த மங்கல் கதவு நான் செய்ததெண்டு ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதையும்."

அவர் இருக்கும்வரை நான் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை. சொல்கிறேன்: அது பாஸ் செய்த கதவு.